கடற்கரைக் கொட்டகைகளில் இரும்புக் கட்டுகள் துருப்பிடியாமல் காக்கும் விதம்

சமுத்திரக் கரையை அடுத்த கிராமங்களில் மரச்சட்டங்களால் கட்டப்படும் தேங்காய்க் கொட்டகை, மாட்டுக் கொட்டில், தானியக் களஞ்சியம் முதலியவற்றில், மரம் கெடுவதற்கு வெகு காலம் முந்தியே அதைப் பிணைத்துள்ள ஆணியும் போல்ட்டும் இரும்புப் பட்டையும் கெட்டுவிடுவது சாதாரணமாய்க் காணப்படுகிறது. கறையானுக்கு அஞ்சி மரத்தை வருஷந்தோறும் தட்டிப் பார்க்கும் மிராசுதாரரும் உத்திரத்தின்மேல் அடித்த பட்டையை ஏறிப் பார்ப்பதில்லை. கூரை தன் பாரத்தினாலேயே நிலைத்திருப்பதாக அநேகர் எண்ணுகின்றனர். மற்ற நாட்களில் அது மெய்யே. புயற்காற்றோ கூரையை அமுக்குவதில்லை, மேலே தூக்குகிறது. 2018ம் வருஷம் நவம்பர் 16ந் தேதி வேதாரண்யத்திற்கருகில் கரையேறிய கஜா புயலில் தென்னந்தோப்புகளுடன் கூரைகளும் போனதை நாகை, தஞ்சை ஜில்லாக்களின் குடிகள் மறந்திரார். அத்தருணத்தில் கைமரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைக் காலோடும், காலை அஸ்திவாரத்தோடும் பிடித்திருப்பவை இக்கட்டுகளே. இவற்றுள் ஓரிடம் விட்டாலும் மற்றவை பயன்படா.

கடலலை உடைந்து தெறிக்கும் நுண்ணிய துளிகளைக் காற்று உள்நாட்டிற்குக் கொண்டு வருகிறது. அவ்வுப்பு இரும்பின்மேல் படிகிறது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கை எட்டுமாயின் உப்பு தானே கசியத் தொடங்கும். சமையலறை உப்புச் சாடியே இதற்குச் சாட்சி. ஆகவே மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே இருக்கிறது. கரையிலிருந்து 100 மீட்டருக்குள் இக்கேடு மிகக் கடுமை; போகப்போகக் குறைந்தாலும், தடுப்பில்லாத வெளிகளில் 1 கிலோமீட்டர் வரையிலும் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

இங்கே அநேகர் ஏமாறும் ஒரு விஷயமுண்டு. மழையில் நனையும் பட்டையே முதலில் துருவேறும் என்று தோன்றும். உண்மை இதற்கு மாறானது. வெளியிலிருக்கும் இரும்பின் உப்பை மழை கழுவிவிடுகிறது. இறவாரத்தின் கீழும், தூக்கிக் கட்டிய தளத்தின் அடியிலும் காற்று புகுந்து உப்பை வைத்துவிட்டுப் போகிறது, மழையோ அங்கே எட்டுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேரிடர் நிர்வாகத் துறையார் கடற்கரை வீடுகளைப் பற்றி 1996ம் வருஷத்தில் வெளியிட்ட குறிப்பிலும், இவ்வாறு பாதி மறைந்த இடங்களே அதிகக் கேடுறுபவை என்று கண்டிருக்கிறது. ஆதலால் சோதிக்க ஏறுபவர் முதலில் இறவாரத்தின் உட்புறத்தையே பார்ப்பது உசிதம். வேனிற்காலத்தில் இரண்டொரு முறை அவ்விடங்களை நன்னீரால் கழுவுவது செலவில்லாத காப்பு.

இரும்பைக் காக்கும் பூச்சுகளில் முதன்மையானது துத்தநாகம். அது தான் முந்தி அரிபட்டு இரும்பைக் காக்கிறது. எனவே அதன் கனமே அதன் ஆயுள். சாதாரணத் தகட்டுப் பட்டைகளில் இரு புறமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 275 கிராம் வரையில் துத்தநாகம் இருக்கும். செய்து முடித்த கனத்த உருப்படியை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தால் இதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கனம் ஏறும். மின்சாரத்தால் மெல்லெனப் பூசிய பளபளப்பான ஆணி பார்வைக்கு அழகியதேயன்றிக் கடற்கரைக்கு உதவாது. கரைக்கு வெகு சமீபத்தில் மாலிப்டினம் கலந்த 316 என்னும் தரத்துத் துருப்பிடியா எஃகே தக்கது, விலை அதிகமே. பட்டை எந்த உலோகமோ ஆணியும் அதுவே ஆகவேண்டும். இருவேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டிருப்பின் ஒன்று மற்றொன்றை அரிக்கும்.

மரமும் சில சமயம் பகையாகிறது. துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் ஆணியைச் சுற்றிக் கருநிறம் படர்வது இதன் அடையாளம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசன் 1933ம் வருஷம் கண்டுபிடித்த தாம்பிரம், குரோமியம், ஆர்ஸெனிக் கலந்த மருந்து கறையானை விலக்குவதில் பேர் பெற்றது. ஆயினும் அதிலுள்ள தாம்பிரம் ஈரத்தில் பூச்சற்ற இரும்பை அரிப்பதால், மருந்தேற்றிய மரத்தில் வெற்றாணி அடித்தல் கூடாது. கோமியம் தேங்கும் கொட்டிலிலும், பொட்டாஷ் முதலிய இரசாயன உரம் அடுக்கிய அறையிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

பட்டையை வெட்டினாலும் துளைத்தாலும் அவ்விடத்துப் பூச்சு போய்விடுகிறது. துத்தநாகத்தூள் மிகுந்த வர்ணத்தை அங்கே உடனே தடவ வேண்டும். கட்டிய பின் பூசும் வர்ணம் மரத்தோடு ஒட்டிய புறத்தை எட்டாது. ஆதலால் பொருத்துமுன் இரு புறமும் பூசி உலர்த்துதல் நலம். முன்னாளில் வழங்கிய சிவப்பு ஈயப் பூச்சு விஷமாகையால், தானியமும் மாடும் இருக்குமிடத்தில் வேண்டாம்.

ஐப்பசி பிறக்குமுன் ஒரு தரம் சோதிக்க வேண்டும்; ஊர்ப் பொதுக் கொட்டகை, பள்ளிச் சமையற்கூடம் இவற்றைக் கிராம உத்தியோகஸ்தர்கள் பார்வையிடலாம். வெண்பொடி கண்டால் துத்தநாகம் கரைந்து வருகிறதென்று அறிக. செந்துரு கண்டால் அது தீர்ந்துவிட்டது. தலை நன்றாயிருந்தும் மரத்தினுள் தண்டு இற்றுப்போன ஆணிகள் உண்டு. ஆகையால் ஓரிரண்டைப் பிடுங்கிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். மாற்றும்போது பழைய பட்டையை முந்திக் கழற்றாமல், அதற்குப் பக்கத்தில் புதியதைப் பொருத்தி, பழைய துளைகளை விலக்கி உறுதியான மரத்தில் ஆணி அடித்த பின்னரே பழையதை எடுத்தல் வேண்டும்.