மாதச் சம்பளத்தில் மாற்றுக் கார்: தவணையைப் பார்ப்பதா, கணக்கைப் பார்ப்பதா?

திங்கட்கிழமை காலை 7 மணி. பெங்களூர் அல்சூரில் ஒரு குறுகலான தெரு. வாசலில் நின்ற சிறிய சிவப்புக் கார் கிளம்ப மறுத்தது. பின் சீட்டில் 71 வயதுத் தாய். முழங்கால் சிகிச்சைக்காக 8 மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மகன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலன் இல்லை. கடைசியில் ஆட்டோ பிடித்து, தாயைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனார்.

மகன் பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். வேலைக்குப் போக மெட்ரோ ரெயில் இருக்கிறது. அல்சூரில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, பீனியாவில் இறங்கி விடுவார். கார், தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், மாதம் ஒரு முறை குடும்பத்தோடு ஊருக்குப் போய் வரவும்தான். ஆடம்பரத்துக்கு அல்ல.

இப்படிப்பட்ட வீடுகள் பெங்களூர்த் தமிழர்களிடையே ஏராளம். பழைய கார் படுத்துவிட்டால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அடுத்து என்ன வாங்குவது? பணத்துக்கு எங்கே போவது?

மாற்றத்தான் வேண்டுமா?

கார் பழையதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அதை மாற்ற வேண்டியது இல்லை. கடந்த 12 மாதங்களில் ஒர்க்ஷாப்புக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டி, 12-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ரூ.24 ஆயிரம் செலவு என்றால் மாதம் ரூ.2 ஆயிரம்தான். எந்தக் கார்க் கடனின் தவணையும் இவ்வளவு குறைவாக வராது. அந்தக் காரையே பழுது பார்த்து ஓட்டுவது நல்லது.

அல்சூர்க்காரரின் நிலைமை வேறு. ஓராண்டில் ரூ.58 ஆயிரம் செலவாகிவிட்டது. இப்போது என்ஜினைப் பிரிக்க வேண்டும், அதற்கு ரூ.70 ஆயிரம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னார். காரை விற்றாலோ ரூ.60 ஆயிரம்தான் கிடைக்கும்.

"சார், இதுக்கு மேல இந்த வண்டியில காசு போடாதீங்க. நான் வாங்கிக்கலாம், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார் மெக்கானிக்.

பழுதுச் செலவு காரின் விலையைத் தாண்டிவிட்டால், அதுதான் மாற்ற வேண்டிய நேரம்.

முதலில் மாதக் கணக்கு

பெரும்பாலோர் முதலில் காரைப் பார்க்கிறார்கள். பிறகு கடனைப் பார்க்கிறார்கள். வீட்டுக் கணக்கைப் பார்ப்பது கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

அல்சூர்க்காரர் மனைவியுடன் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினார். கைக்கு வரும் சம்பளம் ரூ.56 ஆயிரம். வீட்டு வாடகை 15 ஆயிரம். மளிகை, பால், கேஸ், கரண்ட் 13 ஆயிரம். பிள்ளைகளின் பள்ளிச் செலவு 6 ஆயிரத்து 500. தாயின் மருந்து 2 ஆயிரத்து 500. மெட்ரோ, செல்போன் 2 ஆயிரம். அவசரத்துக்குச் சேமிப்பு 4 ஆயிரம். மொத்தம் ரூ.43 ஆயிரம். மீதி ரூ.13 ஆயிரம்.

"அப்படீன்னா 13 ஆயிரம் ரூபாய் தவணை கட்டலாமே" என்றார் அவர்.

"என்னங்க, கார் தண்ணியிலயா ஓடும்?" என்று மனைவி கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. மாதம் 600 கிலோ மீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் கொடுத்தால் 40 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் ரூ.100 என்று வைத்துக்கொண்டால் ரூ.4 ஆயிரம். இன்சூரன்சுக்கு மாதக் கணக்கில் ரூ.800. சர்வீஸ், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு ரூ.1,500 ஒதுக்க வேண்டும். ஆக ரூ.6 ஆயிரத்து 300 காரை ஓட்டுவதற்கே போய்விடும். தவணைக்கு மிஞ்சுவது ரூ.6 ஆயிரத்து 700 மட்டுமே.

இந்த எண் தெரிந்த பிறகுதான் கடைப்பக்கம் போக வேண்டும். அவசரச் சேமிப்பைத் தவணையில் சேர்க்கவே கூடாது. தாய்க்கு உடம்பு முடியாமல் போகும் மாதத்திலும் தவணைத் தேதி வரத்தான் செய்யும்.

தவணை குறைந்தால் லாபமா?

"ரூ.3 லட்சம் கடன் தருகிறோம். மாதம் ரூ.5 ஆயிரத்து 300 கட்டினால் போதும்" என்று ஒருவர் சொன்னால் கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். எத்தனை ஆண்டு என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

ரூ.3 லட்சம் கடனுக்கு, குறையும் அசலின் மீது 12 சதவீத வட்டி என்று கணக்கிட்டால்:

3 ஆண்டுகளில் அடைத்தால் தவணை சுமார் ரூ.9 ஆயிரத்து 960. மொத்த வட்டி சுமார் ரூ.58 ஆயிரத்து 700.

5 ஆண்டு என்றால் தவணை சுமார் ரூ.6 ஆயிரத்து 670. வட்டி ரூ.1 லட்சத்தைத் தொட்டுவிடும்.

7 ஆண்டு என்றால் தவணை ரூ.5 ஆயிரத்து 300. வட்டியோ ரூ.1 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேல்.

5 ஆண்டு தவணை, அல்சூர்க்காரரின் பட்ஜெட்டுக்குள் வருகிறது. ஆனால் அவர் வாங்கப்போவது ஏற்கனவே 8 ஆண்டு ஓடிய கார். கடன் முடியும்போது அதற்கு 13 வயது ஆகியிருக்கும். கடைசி இரண்டு ஆண்டுகள் வங்கிக்கும் கட்ட வேண்டும், ஒர்க்ஷாப்புக்கும் கட்ட வேண்டும். சொந்தக் காரின் பதிவுக்கு ஆயுள் 15 ஆண்டு. அதன் பிறகு சோதனைக்குக் காட்டி, கட்டணம் கட்டி, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

எனவே பழைய கார் வாங்குபவர் 3 ஆண்டுக் கடனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடன் முடிந்த பிறகும் கார் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

இந்த முறையில் மாதம் ரூ.6 ஆயிரத்து 650 தவணைக்கு ரூ.2 லட்சம் கடன் வாங்கலாம். கையில் உள்ள சேமிப்பு ரூ.1 லட்சம். பழைய காரை விற்றால் ரூ.60 ஆயிரம். மொத்தம் ரூ.3 லட்சத்து 60 ஆயிரம். இதில் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முதல் சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கு ரூ.30 ஆயிரத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். காருக்கு ரூ.3 லட்சத்து 30 ஆயிரம். இதுதான் அவருடைய எல்லை.

12 சதவீதம், 20 சதவீதம் ஆன கதை

வட்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அசல் குறையக் குறைய வட்டியும் குறைவது. மற்றொன்று 'பிளாட் ரேட்'. அதில் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள்.

ரூ.3 லட்சத்துக்கு 12 சதவீதம் 'பிளாட்' என்றால் 5 ஆண்டுக்கு வட்டி மட்டும் ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். மாதத் தவணை ரூ.8 ஆயிரம். குறையும் அசல் கணக்கில் பார்த்தால் இதன் உண்மையான வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுகிறது!

இதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குக் கடன் தரும்போது முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயம் ஆக்கியது. அதில், கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதம் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில் ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கம் இருந்தால் முதலில் அங்கே விசாரிக்கலாம். கடன் கேட்கும் முன்பு தம்முடைய கடன் வரலாற்று அறிக்கையையும் பார்த்துவிடுவது நல்லது. கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை அதை இலவசமாகத் தர வேண்டும்.

ஓசூர்க் கார் மலிவா?

அல்சூர்க்காரரின் மைத்துனர் ஓசூரில் இருக்கிறார். "மாமா, இங்கே ஒரு நல்ல வண்டி இருக்கு. பெங்களூர் விலைக்கு 40 ஆயிரம் ரூபாய் கம்மி. வந்து பாருங்க" என்று போன் செய்தார்.

ஆசை வரத்தான் செய்யும். ஓசூர் 40 கிலோ மீட்டர்தானே! ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது.

ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். டி.என். எண் கே.ஏ. எண்ணாக மாற, முதலில் ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்க வேண்டும். பிறகு கர்நாடகத்தில் ஆயுள்கால வரி கட்ட வேண்டும். இந்த வரி அதிகமுள்ள மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. அதிலும் கவனிக்க வேண்டியது, இன்று கொடுத்த விலைக்கு வரி அல்ல. கார் புதிதாக இருந்தபோது இருந்த விலையையும் அதன் வயதையும் வைத்தே வரி போடப்படும். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு விண்ணப்பம், அலைச்சல், காத்திருப்பு எல்லாம் உண்டு.

எனவே வரி எவ்வளவு வரும் என்று பெங்களூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அதைக் காரின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். 40 ஆயிரம் லாபம் அங்கேயே கரைந்துவிடலாம்.

காரைப் பார்க்கும்போது

பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. அரசின் 'பரிவாகன்' தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், கடன் பாக்கி போன்ற விவரங்களைப் பார்க்கலாம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் சான்றும் 35-ம் எண் படிவமும் கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று பொருள். 'கார் 20 ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியது' என்று சொல்லிவிட்டு, பிரேக் மிதி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் மீட்டரில் சந்தேகம் கொள்ளலாம்.

2015, 2023-ம் ஆண்டுகளில் சென்னையிலும், 2022-ம் ஆண்டு பெங்களூரிலும் வெள்ளத்தில் பல கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை காட்டிக் கொடுத்துவிடும். நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துப் போவதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

பேரம் பேசுமுன் அதே ரகப் புதுக் காரின் இன்றைய விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பு வாங்கியவர் தாம் கொடுத்த விலையைச் சொல்லிப் பேரம் பேசினால் ஏற்க வேண்டியது இல்லை.

பழைய காரை விற்கும்போது

சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு வேலை முடியவில்லை. 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெயர் மாறாத கார் விபத்தில் சிக்கினால், பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்றும், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. காரை விற்று ஆண்டுகள் ஆனாலும் வழக்கு வீடு தேடி வரும்.

ஒரு லாபமும் இருக்கிறது. இன்சூரன்சில் 'கிளெய்ம்' வாங்காமல் ஓட்டியதற்கான போனஸ், காருக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. ஐந்து ஆண்டு கிளெய்ம் வாங்காதவருக்கு, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரிமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. விற்கும்போது சான்று வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம்.

நோட்டில் எழுதிய எண்

அல்சூர்க்காரர் ஓசூர்க் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடையில் ரூ.4 லட்சத்து 50 ஆயிரத்துக்கு ஒரு கார் காட்டினார்கள். "7 வருஷத் தவணை சார், தெரியவே தெரியாது" என்றார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். அதில் ஒரே எண்தான் இருந்தது: ரூ.3 லட்சத்து 30 ஆயிரம்.

ஆறு வாரம் தேடினார். அதுவரை தாயை ஆட்டோவில்தான் அழைத்துப் போனார். கடைசியில் சிவாஜி நகரில் ஒரே உரிமையாளர் வைத்திருந்த 8 வயதுக் கார் ரூ.3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு அமைந்தது. கே.ஏ. எண். சர்வீஸ் புத்தகம் இருந்தது. நிறம் மட்டும் மனைவிக்குப் பிடிக்கவில்லை!

அடுத்த திங்கட்கிழமை தாய் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "இது எத்தனை நாளைக்குக் கட்டணும் தம்பி?" என்று கேட்டார்.

"மூணு வருஷம் அம்மா."

"கட்டிடலாமா?"

"கட்டிடலாம். உங்க மருந்துக் காசுல கை வைக்காமலே கட்டிடலாம்."