இருபது நிமிட மருந்து, பத்து நாள் வேலை

டீ ஆறுவதற்குள் ஒரு விஷயம் சொல்கிறேன். மாரடைப்பு வந்து தேறியவர்கள் பலர் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறார்கள் இல்லையா? ரத்தத்தில் கலந்த ஆஸ்பிரின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 நிமிடம் போதும். சில மணி நேரம் கழித்துத் தேடினால் அங்கே அது இருக்காது. ஆனால் அது செய்த வேலை ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும்.

ரத்தத் தட்டணுவுக்குள் சைக்ளோஆக்சிஜனேஸ் என்றொரு நொதி இருக்கிறது. நொதி என்றால் புரதம்தான். அதன் உடம்புக்குள் குறுகலாக ஒரு சந்து ஓடுகிறது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அதற்குள் போய் உருமாறினால்தான், கடைசியில் திராம்பாக்சேன் பிறக்கும். தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து ரத்தத்தை உறையச் செய்வதில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஆஸ்பிரின் அந்தச் சந்தில் நுழைந்து, செரின் என்ற அமினோ அமிலத்தின் மேல் தன் அசெட்டைல் துண்டைப் பிணைத்துவிடுகிறது. பிறகு கொழுப்புக்கு வழியில்லை. அந்த நொதி அத்தோடு முடிந்தது.

இபுபுரூஃபனும் இதே இடத்துக்குத்தான் வரும். ஆனால் பிணைந்துகொள்ளாது, கொஞ்ச நேரத்தில் விலகிவிடும். அதை முதலில் சாப்பிட்டுவிட்டு உடனே ஆஸ்பிரின் போட்டால், இடம் கிடைக்காமலே ஆஸ்பிரின் வீணாகக்கூடும்.

மற்ற செல்களாக இருந்தால் புது நொதியைச் செய்துகொள்ளும். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் அப்படித்தான் மீள்கின்றன. தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது. புதுப் புரதம் செய்யக் குறிப்பு எங்கிருந்து வரும்? ஆயுள் முடியும்வரை, அதாவது 7 முதல் 10 நாள், அது முடங்கியே கிடக்கும். இத்தனை சிறிய மாத்திரை போதுமானதாக இருப்பது இதனால்தான். எனக்கு இதில் மிகப் பிடித்த இடமும் இதுதான்.

1897இல் தயாரான மருந்து இது. அதே நொதியின் வழியாகப் புராஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள் உருவாவதை இது தடுக்கிறது என்று மருந்தியலாளர் ஜான் வேன் காட்டியது 1971இல்தான். அதுவரை காரணம் தெரியாமலே உலகம் விழுங்கியது.

இன்னொன்று: ரத்தம் அதிகம் கசியுமே என்று, பல் பிடுங்கப் போகிற அன்று காலையில் மட்டும் மாத்திரையை விட்டால் பலனில்லை. புதுத் தட்டணுக்கள் நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்குதான் வந்து சேரும். அதற்காக ஒரு வாரம் முன்பே நாமாக நிறுத்துவதும் கூடாது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிராபத்து. இதய மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போங்கள்.