சுண்டெலியின் இரத்த அழுத்தம்

உயர் இரத்த அழுத்தத்திற்கான மருந்துகள் மனிதருக்கு அளிக்கப்படுமுன் பெரும்பாலும் எலிகளிடம் சோதிக்கப்படுகின்றன. ஆதலின், எலியிடம் எடுத்த அளவு பிழையானால் மருந்தைப் பற்றிய முடிவும் பிழையாகும்.

இரத்த அழுத்தம் முதன்முதலாக அளக்கப்பட்டது குதிரையிடமாகும். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடிக்கு மேல் உயர்ந்தது. இதனை அவர் 1733-இல் வெளியிட்டார். இம்முறை சுண்டெலிக்கு ஆகாது. 20 முதல் 30 கிராம் எடையுள்ள அதன் உடலிலுள்ள இரத்தம் முழுவதும் ஏறக்குறைய 2 மில்லி லிட்டரே. ஆயினும் அதன் இரத்த அழுத்தம் மனிதருடையதைப் பெரிதும் ஒத்திருக்கிறது.

எளிய முறை ஒன்றுண்டு. எலியைக் குறுகிய கூட்டில் அடைத்து, வாலைச் சற்றே வெதுவெதுப்பாக்கி, அதில் சிறு பட்டையைச் சுற்றிக் காற்றடைப்பர். அறுவை தேவையில்லை, பல எலிகளை விரைவில் சோதிக்கலாம். ஆனால் அடைபட்ட எலி அஞ்சுகிறது. அச்சத்தால் அழுத்தம் உயர்கிறது. அளக்கும் செயலே அளவை மாற்றிவிடுகிறது.

நுண்ணிய உணர்விகள் இக்குறையை நீக்க உதவின. சிலிக்கன் வளையும்போது அதன் மின்தடை பெரிதும் மாறுவது 1954-இல் வெளியிடப்பட்டது. பள்ளி ஆய்வகங்களில் காணும் வீட்ஸ்டன் பாலத்தின் தத்துவத்தால் அம்மாற்றத்தை அழுத்தமாகக் கணிக்கலாம். அரை மில்லி மீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள மென்குழாயின் நுனியில் உணர்வியைப் பொருத்தி, மயக்கமுற்ற எலியின் தமனிக்குள் செலுத்துவர். சுண்டெலியின் இதயம் நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் துடிக்கும். அவ்வேகத் துடிப்புகள் நீண்ட திரவக் குழாய் வழியே வரின் மழுங்கிவிடும். நுனியிலுள்ள உணர்வியோ அவற்றை உள்ளவாறே தருகிறது.

மற்றொரு முறையில், உணர்வியுடன் கூடிய சிறு வானொலிக் கருவி உடலுக்குள் பொருத்தப்படுகிறது. காயம் ஆறியபின் எலி தன் கூண்டில் உண்டு, உறங்கித் திரிகிறது. கூண்டின் கீழுள்ள ஏற்பி இரவும் பகலும் அளவுகளைப் பதிவு செய்கிறது. செலவு மிகுதி, திறமையான அறுவையும் வேண்டும். எனினும் ஒரே எலியிடம் பல வாரங்கள் அளவெடுக்கலாம் என்பதால் தேவைப்படும் எலிகளின் எண்ணிக்கை குறைகிறது.

அறுவைச் சோதனைகள் இயன்றவரை மயக்கமருந்தின்கீழ் நடைபெறவேண்டும் என்பதை இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வலியுறுத்துகிறது. அச்சமும் வலியும் குறைந்த எலியே நம்பத்தக்க அளவைத் தருகிறது. ஆகவே இவ்விதி விலங்கிற்கும் மருந்துண்ணும் நோயாளிக்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.