டயர் செருப்பில் 100 மைல்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்றொரு மலையூர் இருக்கிறது. உயரம் 10,000 அடிக்கும் மேல். நம் தொட்டபெட்டா சிகரமே 8,650 அடிதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். 1980-களின் தொடக்கத்தில் கிளைமாக்ஸ் சுரங்கம் வேலையை நிறுத்தியது, ஆயிரக்கணக்கானோர் பிழைப்பிழந்தனர்.

வெளியூர்க்காரர்கள் வந்து ஓர் இரவு தங்கினாலே கடைத்தெருவில் காசு புரளும் என்று கணக்குப் போட்டார் கென் க்ளூபர் என்ற சுரங்கத் தொழிலாளி. 1983-ல் மலைப்பாதையில் 100 மைல் ஓட்டப் பந்தயம் தொடங்கியது. 1994-ல் 100 மைல் மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே 12,000 அடிக்கு மேல் ஏறி இறங்குபவை. ஆகவே, காலா சைக்கிளா என்று ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

மலைச் சைக்கிள் என்றால் ஆபீசுக்கு மிதித்துப் போகும் சைக்கிள் இல்லை. குலுக்கலைத் தாங்கும் முன் போர்க், டிஸ்க் பிரேக், பல பற்சக்கரங்கள், தலையில் ஹெல்மெட், பையில் டியூப், பம்பு, சாவிகள். இத்தனையில் ஒன்று மக்கர் செய்தாலும் நின்றுவிட வேண்டியதுதான். 2009-ல் லெட்வில்லில் முதலில் வந்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கே கடைசி மைல்களைப் பஞ்சரான பின்சக்கரத்தோடுதான் உருட்டி முடித்தார். (ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012-ல் அவருடைய பட்டங்கள் பறிபோனது வேறு கதை.)

ஓட்டக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மெக்சிகோவின் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்கள் இதை நிரூபித்தார்கள். ஊருக்கு ஊர் மலையேறி இறங்கி நடப்பதும் ஓடுவதுமே அவர்கள் வாழ்க்கை. 1992-ல் லெட்வில் வந்த அவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். பந்தய வழக்கங்கள் எல்லாம் புதிது. மறு ஆண்டு மீண்டும் வந்தார்கள். பழைய டயரை வெட்டித் தோல் வார் கட்டிய செருப்பு! நம் ஊர்ச் சந்தையில் வண்டிக்காரர் வாங்கிப் போட்ட டயர் செருப்பு நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே சரக்குதான். அதைப் போட்டுக்கொண்டு 55 வயது விவசாயி விக்டோரியானோ சுர்ரோ முதலாவதாக வந்தார். 1994-ல் அவர்களில் ஒருவரான ஹுவான் ஹெர்ரேரா 17 மணி 30 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

ஆனால் எளிமையும் இலவசமாக வருவதில்லை. சைக்கிளுக்குக் கெடு 12 மணி நேரம். ஓட்டத்துக்கு 30 மணி நேரம். ஏற்றத்தில் மூச்சு வாங்கிய சைக்கிள்காரர் இறக்கத்தில் மிதிக்காமலே பறப்பார். ஓட்டக்காரருக்கோ இறக்கம்தான் எமன்: தொடை நோகும், கால் நகம் கறுக்கும். டியூப் போனால் மாற்று டியூப் உண்டு. கணுக்கால் பிசகினால் பையில் மாற்றுக்கால் ஏது? காசில் மிச்சம் பிடித்ததை நேரத்திலும் உடம்பிலும் கட்டவேண்டியிருக்கிறது. சம்பளக்காரர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

இன்று லெட்வில் பந்தயங்களை நடத்துவது ஒரு பெரிய கம்பெனி. நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், பெரும்பாலோர் குலுக்கலுக்கும் காத்திருக்க வேண்டும். 1993-ல் ஐந்தாவதாக வந்த ராராமுரி மனுவேல் லூனாவின் பெயரில் அமெரிக்காவில் ஒரு செருப்புக் கம்பெனியே இருக்கிறது. மெல்லிய ரப்பர் அடி, மேலே வார், அவ்வளவுதான். விலை மட்டும் டயர் செருப்பின் விலை அல்ல.