அந்தமான் சிறகுகள் – 6: பட்டமரத்தில் ஒரு சிவப்புக் கொண்டை

ஐப்பசியில் அந்தமானில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. மாலை ஐந்தரைக்குள் காடு இருட்டிவிடும். வழிகாட்டியோ குழுவோ இல்லாமல் பறவை பார்க்க வருகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் சாத்தம் துறையில் படகு ஏற வேண்டும். எதிர்க்கரை பம்பூ பிளாட். அங்கிருந்து மவுண்ட் ஹாரியட்டுக்குச் சாலை ஏறுகிறது. 2021 முதல் அதன் பெயர் மவுண்ட் மணிப்பூர். 1891-இல் ஆங்கிலேயருடன் நடந்த போருக்குப் பின் மணிப்பூர் மகாராஜா குலசந்திர சிங் சிறைவைக்கப்பட்டது இங்கேதான்.

உயரம் நானூறு மீட்டர்கூட இல்லை. கோத்தகிரி, வால்பாறை பார்த்த கண்ணுக்கு இது ஒரு குன்று. ஆனால் இந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டாத பறவைகள் இங்கே சாலையோரத்திலேயே குரல் கொடுக்கின்றன. அந்தமான் கரிச்சான், அந்தமான் வால்காக்கை, நம் ஊர்ச் செம்போத்தின் பளபளப்பு இல்லாத பழுப்பு நிற அந்தமான் செம்போத்து.

நான் தேடி வந்தது அந்தமான் மரங்கொத்தியை. காக்கை அளவு, முழுக் கறுப்பு, சிவப்புக் கொண்டை. மேற்கு மலைத்தொடரில் இருக்கும் வெள்ளைவயிற்றுக் கருப்பு மரங்கொத்தியின் பங்காளி. வயிற்றில் மட்டும் அந்த வெள்ளை இல்லை. முதலில் தட்டும் ஓசைதான் கேட்டது. கிளையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு பட்டமரத்தில் அது ஏறிக்கொண்டிருந்தது. பட்டை சிதறி விழுந்தது.

பட்டமரம் நமக்கு விறகு. அதற்கோ அதுவே சமையலறை, அதுவே பிரசவ அறை. கிளம்பிய துறைக்குப் பக்கத்திலேயே 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை இருக்கிறது. படாக் மரங்கள் அங்கே பலகையாயின. ஒரு காட்டில் வயதான மரங்கள் குறைந்தால், பெருநிலத்தில் வாழும் பறவை பக்கத்து மலைக்குப் போகும். இந்த மரங்கொத்திக்கோ பக்கத்து மலை கடலுக்குள் முடிந்துவிடுகிறது. அதனால்தான் காய்ந்த மரத்தைக் காட்டில் அப்படியே விட்டுவைப்பது இங்கே ஒரு பெரிய காரியம் என்று நம்புகிறேன்.

போக வேறு இடமில்லாத இந்த நிலையின் உச்சம் நார்கொண்டம் தீவு. வட அந்தமானுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஏறக்குறைய ஏழு சதுர கிலோமீட்டரில் அடங்கும் எரிமலைத் தீவு. நார்கொண்டம் இருவாச்சிக்கு உலகமே அவ்வளவுதான். காவல் சாவடிக்காகக் கொண்டுபோன ஆடுகள் பெருகி இளம் மரக்கன்றுகளை மேய்ந்தன. பிறகு அவை அகற்றப்பட்டன. 2012-இல் அங்கே ரேடார் நிலையம் அமைக்கும் கடலோரக் காவல்படையின் திட்டத்தை, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் இந்தப் பறவைக்காகவே மறுத்தார். 2014-இல் அந்தத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

என்னைப் போன்ற பயணிகள் நினைத்தபடி அங்கே போய் இறங்க முடியாது. அந்த இருவாச்சியைப் பார்க்க எவ்வளவு ஆசை இருந்தாலும், அந்தத் தடை நீடிக்கட்டும் என்றே சொல்வேன்.

அடுத்த வாரம் சிப்பிகாட். 2004 சுனாமியில் நிலம் தாழ்ந்து, நெல்வயல்கள் அந்தமான் வாத்துகளின் நீர்நிலையான கதை.