கொடிவழி ஆய்வுத்திறன்களும் இணையவழிப் படிப்புகளும்: ஜவ்வாது மலையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கொடிவழி ஆய்வைக் கற்பிக்கும் இணையவழிப் படிப்புகள் பெரும்பாலும் எழுத்துப் பதிவுகள் மிகுந்த நாடுகளைக் கருத்திற்கொண்டு அமைந்தவை. பெயர்வாரிப் பதிவுகள் அரிதான ஜவ்வாது மலையில் அவற்றுள் எவை பயன்படும், எவை பயன்படா என்பதையும், வாய்மொழிக் கொடிவழியைச் சான்றாக நிலைநிறுத்தும் பயிற்சி எவ்வாறு அமையவேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொடிவழி, ஜவ்வாது மலை, மலையாளிப் பழங்குடியினர், உறவுமுறை, வன உரிமை, இணையவழிக் கல்வி

முன்னுரை

ஒருவருடைய முன்னோரையும் வழித்தோன்றல்களையும் சான்றுகளின் துணைகொண்டு வரிசைப்படுத்துவது கொடிவழி ஆய்வு ஆகும். வம்சாவளி என்னும் சொல்லும் இப்பொருளில் வழங்குகிறது. மலைவாழ் மக்களைப் பொறுத்தவரை கொடிவழி என்பது குடிப்பெருமை பற்றிய செய்தி மட்டுமன்று. உழுதுவரும் நிலத்தின்மீதான உரிமைக்குச் சான்றுமாகும். எனவே அதனைத் திரட்டும் ஆய்வாளர் முறையான பயிற்சி பெற்றிருத்தல் இன்றியமையாதது.

சட்டத்தில் கொடிவழியின் இடம்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 13.12.2005க்கு முன்பிருந்து வனநிலத்தைப் பயன்படுத்திவரும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது. பழங்குடியினர் அல்லாத மரபுவழி வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்ந்தமையை மெய்ப்பிக்கவேண்டும். இச்சட்டத்தின்கீழ் 2008இல் வகுக்கப்பட்ட விதிகளுள் 13ஆம் விதி, ஏற்கத்தக்க சான்றுகளைப் பட்டியலிடுகிறது. பழைய பதிவுகளில் குறிக்கப்பட்டவரோடு உரிமைகோருவோரை இணைக்கும் கொடிவழியும், உரிமைகோருவோர் அல்லாத பிற முதியோரின் எழுத்துவடிவ வாக்குமூலமும் அப்பட்டியலில் உள்ளன. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கிராமசபையும் மேல்நிலைக் குழுக்களும் கருதவேண்டும் எனவும் அவ்விதி கூறுகிறது. ஆகவே பிழையான கொடிவழி, ஆய்வேட்டின் குறையாக மட்டும் நின்றுவிடாது. ஒரு குடும்பத்தின் கோரிக்கையையே வலுவிழக்கச் செய்யும்.

இணையவழிப் படிப்புகள் கற்பிப்பவை

ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகம் கொடிவழியியலில் முதுநிலைப் பட்டம்வரை இணையவழியில் கற்பிக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகம் சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறது. பிரிகாம் யங் பல்கலைக்கழகம் கட்டணமில்லாப் பாடங்களை வழங்கியுள்ளது. இத்தகைய படிப்புகள் கற்பிப்பவற்றை மூலங்களை அறிதல், சான்றுகளை மதிப்பிடுதல் என இருவகைப்படுத்தலாம்.

முதல்வகைப் பாடங்கள் தேவாலயப் பதிவேடுகள், உயில்கள், பெயர்வாரி மக்கள்தொகைக் கணக்குகள் ஆகியவற்றைச் சார்ந்தவை. இந்தியாவின் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் தனிமனிதர் பற்றிய பதிவுகளைப் பார்வையிட இடமளிப்பதில்லை. எனவே மேலைநாட்டுப் படிப்புகளில் நடுநாயகமாக விளங்கும் மூலம் இங்கு ஆய்வாளருக்குக் கிட்டுவதில்லை.

இரண்டாம் வகை எங்கும் பொருந்தும். 1964இல் தோன்றிய அமெரிக்கக் கொடிவழியாளர் சான்றளிப்பு வாரியம் வகுத்த மெய்ப்பிப்புத் தரம் ஐந்து கூறுகளை உடையது. அவை: இயன்றவரை முழுமையான தேடல், ஒவ்வொரு செய்திக்கும் மூலம் குறித்தல், சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்தல், முரண்பாடுகளைத் தீர்த்தல், காரணங்களுடன் முடிவை எழுதுதல்.

ஜவ்வாது மலையில் எழும் சிக்கல்கள்

முதற்சிக்கல் ஆட்சி எல்லை. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தது. இன்று ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையிலும், புதூர் நாடு திருப்பத்தூரிலும், பீஞ்சமந்தை வேலூரிலும் உள்ளன. ஆனால் பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகளுக்குரிய மாவட்டங்களுள் ஒன்றாக வட ஆர்க்காடு என்ற பழம்பெயரே நிற்கிறது. ஆண்டுதோறும் எவ்வூர் எம்மாவட்டத்தில் இருந்தது என அட்டவணையிட்ட பின்னரே ஆவணத் தேடலைத் தொடங்கவேண்டும்.

இரண்டாவது, பெயர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் திரும்ப வரும்போது இருவரை ஒருவராகக் கொள்ளும் பிழை நேரும். மேலைநாட்டு மென்பொருள்கள் எதிர்பார்க்கும் குடும்பப்பெயரும் இங்கு இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு.

மூன்றாவது, உறவுச்சொல். பெரியப்பா மகனும் பெரியம்மா மகனும் அண்ணனே. தாய்மாமன் மகளை மணந்தவருக்கு மாமன் ஒருவரே தாயின் உடன்பிறந்தாராகவும் மாமனாராகவும் அமைகிறார். உறவுச்சொல்லை அப்படியே வரைபடத்தில் ஏற்றினால் கோடுகள் மயங்கும்.

நான்காவது, தோற்றக்கதை. மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்னும் வழக்கை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் காணலாம். அது இனக்குழுவின் தன்னுணர்வை அறிய உதவும். தனியொரு குடும்பத்தின் தலைமுறை வரிசைக்குச் சான்றாகாது.

ரிவர்ஸின் கொடிவழி முறை

இச்சிக்கல்களுள் பெயரும் உறவுச்சொல்லும் பற்றியவற்றுக்கு வழிகாட்டும் முறை தமிழகத்து மலையொன்றில் கையாளப்பட்டதாகும். 1898இல் டோரஸ் நீரிணைப் பயணத்தில் இம்முறையை உருவாக்கிய டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், 1901–02இல் நீலகிரித் தோடரிடம் அதனைப் பயன்படுத்தி, 1906இல் தம் நூலில் கொடிவழிப் பட்டியல்களையும் சேர்த்தார். தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி ஆகிய சொற்களையே அடிப்படையாகக் கொண்டு அவர் வினவினார். 'உங்கள் அண்ணன் யார்?' என்று கேளாமல், 'உங்களைப் பெற்ற தாய்க்குப் பிறந்தவர் யாவர், எவ்வரிசையில்?' என்று கேட்கும்போது சொல் மயக்கம் நீங்குகிறது. இறந்த முன்னோரின் பெயரைச் சொல்லத் தோடர் தயங்கியமையால், ஒரு குடும்பத்தின் வரிசையைப் பிற குடும்பத்தாரிடம் அறிந்தார். வன உரிமை விதி பிற முதியோரின் வாக்குமூலத்தைக் கோருவதோடு இது இயைந்து நிற்கிறது.

பரிந்துரைக்கத்தக்க பாட அமைப்பு

தமிழில் இணையவழிப் படிப்பொன்றை வகுக்கும்போது நான்கு அலகுகள் தேவை. ஒன்று, ஆட்சி எல்லை வரலாறும் பட்டா, சிட்டா, அடங்கல் முதலிய வருவாய் ஆவணங்களின் வாசிப்பும். இரண்டு, ரிவர்ஸ் முறையிலான வாய்மொழித் திரட்டல். பங்காளி ஒருவரிடமும் மாமன் மச்சான் முறையினர் ஒருவரிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிடுதல் இதன் களப்பயிற்சியாகும். மூன்று, மெய்ப்பிப்புத் தரத்தின்படி முரண்களைத் தீர்த்து எழுதுதல். நான்கு, ஆய்வறம். திருமணம், நிலத்தகராறு, தத்து பற்றிய செய்திகளைக் கொண்ட கொடிவழியைக் குடும்பத்தாரின் இசைவின்றிப் பொது இணையதளங்களில் ஏற்றலாகாது. அதன் ஒரு படியை அக்குடும்பத்தாரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

முடிவுரை

மேலைநாட்டு இணையவழிப் படிப்புகளின் மூலப்பட்டியல் ஜவ்வாது மலைக்குப் பெரிதும் பொருந்தாது. அவற்றின் சான்று மதிப்பீட்டு ஒழுங்கு பொருந்தும். அவ்வொழுங்குடன் ரிவர்ஸின் வினவல் முறை இணையும்போது, முதியோர் நினைவிலுள்ள தலைமுறை வரிசை பிறர் சரிபார்க்கத்தக்க சான்றாகிறது. முதியோர் மறையுமுன் அதனைத் திரட்டவேண்டியிருத்தலின், சேகரிப்போரைப் பயிற்றுவிக்கும் பணி பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மானிடவியல் துறைகளும் காலந்தாழ்த்தாது இணைந்து ஆற்றவேண்டியதாகும்.