இங்கிலீஷ் காய் பிறந்த ஊர்!

காரட், பீட்ரூட், முட்டைகோசுக்குத் தமிழ்நாட்டில் "இங்கிலீஷ் காய்" என்று பெயர். இந்தக் காய்கள் நீலகிரிக்கு வந்த கதையும் ஊட்டி பிறந்த கதையும் ஒன்றுதான்.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறினார். அன்று அங்கே தோடர்களின் மந்துகள், எருமைகள், புல்வெளி. குளிரோ, சீமைக் குளிர்! துரைக்குப் பிடித்துவிட்டது. 1822-ல் தோடர்களின் நிலத்தில் கல் வீடு கட்டத் தொடங்கினார். ஓடையை மறித்து ஏரி அமைத்தார். உருளைக்கிழங்கும் சீமைக் காய்களும் பயிரிட்டுப் பார்த்தார். நன்றாக விளைந்தன.

பிறகு வெள்ளைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். 1831-ல் செயின்ட் ஸ்டீபன் மாதா கோயில் திறக்கப்பட்டது. அதன் உத்தரங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து! திப்பு கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஊரை உண்டாக்கிய சல்லிவனுக்கு அந்த ஊரே துயரமும் தந்தது. 1838-ல் மனைவியும் மகளும் இறந்தனர். இருவரையும் அந்தக் கோயில் கல்லறையில்தான் அடக்கம் செய்தார். மலை நிலம் தோடர்களுக்கே உரியது என்று கம்பெனி அதிகாரிகளோடு வாதாடியவரும் அவர்தான். 1841-ல் தாய்நாடு திரும்பினார்.

துரைகளும் போனார்கள். சார்லஸ் துரைக்கும் ஜார்ஜ் துரைக்கும் விளைந்த காய், இன்று நம் வீட்டுச் சாம்பாரில் கொதிக்கிறது. பயிரிடுகிறவர்கள் படுகர் முதலான மலை விவசாயிகள். மூட்டைகள் லாரியேறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. ஏலத்தில் என்ன விலை போயிற்று என்று, மேலே கேத்தியில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.